கொல்லையில் கொஞ்சம் புல்லும் வளரட்டுமே!

வீட்டுத் தோட்டம் என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வருகிறது? சுவரோரம் வரிசையாகப் பத்துத் தொட்டிகள். ஒன்றில் ரோஜா, ஒன்றில் குரோட்டன்ஸ், ஒன்றில் துளசி. நடுவே ஒரு புல் தலைகாட்டினால் போதும், "ஐயோ, களை!" என்று பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். சித்திரை மாதத்தில் நாலு நாள் கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போய்த் திரும்பினால், பாதிச் செடிகள் தலை சாய்ந்து கிடக்கும்.

ஆனால் வயல் வரப்பைப் பாருங்கள், ஓடைக்கரையைப் பாருங்கள். அங்கே யார் போய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? மரத்தடியில் செடி, செடிக்கு நடுவே புல், புல்லின் காலடியில் தரையோடு படரும் கொடி என்று எல்லாம் ஒன்றுக்கொன்று நிழல் கொடுத்துக்கொண்டு தாமாகவே வளர்கின்றன. அந்த முறையை அப்படியே வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவர முடியும். மூன்று வருஷமாக நான் செய்து பார்த்து வருவதால் தைரியமாகச் சொல்கிறேன். அதற்குப் பெரிய பங்களாத் தோட்டமும் வேண்டாம், தோட்டக்காரரும் வேண்டாம்.

சிமெண்டா, மண்ணா?

நாங்கள் இருப்பது திருச்சியில் எடமலைப்பட்டி புதூர். முன்பெல்லாம் எங்கள் பக்கம் காலி மனைகள் நிறைய இருந்தன. இப்போது வீட்டை ஒட்டி வீடு. பஞ்சப்பூரில் 2025-ல் புதிய பஸ் நிலையமும் திறந்தாகி விட்டது. எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் வாசலிலிருந்து கொல்லை வரை சிமெண்ட் தளம் அல்லது சிமெண்ட் கல் பதித்துவிட்டார்கள். கூட்டிப் பெருக்க சுலபம், சேறு கிடையாது, பூச்சி பொட்டு வராது என்பது அவர்கள் வாதம்.

எங்கள் வீட்டுக் கொல்லை பன்னிரண்டு அடிக்குப் பதினெட்டு அடி. அதை ஒட்டித்தான் என் மாமியாரின் அறை. அவருக்கு எழுபத்திரண்டு வயது, சர்க்கரை வியாதி வேறு. மேற்கே பக்கத்து வீட்டின் உயரமான சுவர் எழும்பியதிலிருந்து, கோடையில் அந்த அறை ராத்திரி பதினோரு மணிக்கும் அனலாக அடிக்கும். சிமெண்ட் பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரியில் அதைத் திருப்பி விடும் என்பது நம் எல்லோருக்கும் அனுபவத்தில் தெரிந்ததுதானே! எங்கள் பக்கமும் சிமெண்ட் பூசினால் அவர் படுக்கவே முடியாது என்பது என் கவலை.

என் கணவரின் கவலை வேறு. "மழைக்காலத்துல அம்மா வழுக்கி விழுந்தா யாரு பார்க்கிறது? போன மாசம் அடுத்த தெருவுல பாம்பு வந்துச்சே. தையில பொண்ணு பிரசவத்துக்கு வரப்போறா. பச்சைப் புள்ளைய வச்சுக்கிட்டு இந்தப் புதரு நமக்கு வேணுமா?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். கொத்தனாரையும் வரச் சொல்லி, எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்துவிட்டார்.

"ஏங்க, ஒரு வருஷம் எனக்கு அவகாசம் குடுங்க. கொசு அதிகமானாலோ, அத்தைக்கு நடக்கச் சிரமமானாலோ நானே கொத்தனாரைக் கூப்பிடறேன்" என்றேன்.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார்தான் வழி சொன்னார். "எனக்குக் காலு வச்சு நடக்கத்தானேடா பாதை வேணும்? அதுக்கு எதுக்கு முழுக்கப் பூசணும்?"

அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. அவர் அறை வாசலிலிருந்து துவைக்கிற கல் வரை மூன்றடி அகலத்துக்குச் சொரசொரப்பான சிமெண்ட் பாதை. ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் குழாய். மீதி மண் எனக்கு!

புல்லை மதித்த தோட்டக்காரர்

இந்த மாதிரித் தோட்டத்துக்கு இன்று உலகம் முழுக்க மதிப்பு வந்திருக்கிறது. ஹாலந்து நாட்டில் பீட் ஊடால்ஃப் என்று ஒரு தோட்டக் கலைஞர், 1944-ல் பிறந்தவர். ஆண்டுக்கு ஆண்டு பிடுங்கி நடும் பூச்செடிகளை விட்டுவிட்டு, பல வருஷம் நிலைத்து வாழும் செடிகளையும் புற்களையும் கலந்து நடுவதில் பேர் பெற்றவர். நியூயார்க் நகரத்தில் ரயில் ஓடாமல் கைவிடப்பட்ட ஒரு மேம்பாலப் பாதையைப் பூங்காவாக மாற்றி 2009-ல் திறந்தார்கள். 'ஹை லைன்' என்று பெயர். அதற்குச் செடிகளைத் தேர்ந்தெடுத்தவர் இவர்தான். அந்தத் தண்டவாளங்களுக்கு நடுவே தானாக முளைத்திருந்த காட்டுச் செடிகளையும் புற்களையும் மாதிரியாக வைத்துத்தான் அந்தப் பூங்காவே உருவானது.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. திண்டுக்கல் போகும் ரயில் பாதை ஓரமாக ஐப்பசி மழைக்குப் பிறகு பார்த்திருக்கிறீர்களா? தும்பை, ஆவாரை, கொழுஞ்சி, பேர் தெரியாத பத்து வகைப் புல் என்று அத்தனையும் பூத்துக் குலுங்கும். அதை யாராவது தோட்டம் என்று சொல்லியிருக்கிறோமா?

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அங்கே செடிகள் உறங்குவது பனிக்காலத்தில். நம் ஊரில் செடிகள் ஓய்வெடுப்பது சித்திரை, வைகாசியில். நமக்கு மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆகவே அவர்கள் வைக்கும் செடியை அப்படியே இங்கே வைத்தால் உருப்படாது. அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு நம் மண்ணுக்கு ஏற்ற செடிகளை வைக்க வேண்டும்.

மூன்று அடுக்கு

மேல் அடுக்கு: மேற்கு வெயிலைத் தடுக்கத்தான் இது. முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, பவழமல்லி, செம்பருத்தி, நந்தியாவட்டை இவற்றில் இடத்துக்குத் தகுந்தபடி மூன்று நான்கு போதும். எங்கள் வீட்டில் மேற்குச் சுவரோரம் பவழமல்லி, கறிவேப்பிலை, செம்பருத்தி மூன்றும் இருக்கின்றன. முருங்கைக் கிளை லேசில் முறியும். கம்பளிப் பூச்சியும் வரும். அதனால் படுக்கை அறை ஜன்னலை விட்டுத் தள்ளியே வையுங்கள்.

நடு அடுக்கு: இடுப்பளவு வளரும் செடிகளும் புல் குத்துகளும் இங்கே. இட்லிப்பூ, கனகாம்பரம், டிசம்பர் பூ, நித்தியகல்யாணி, துளசி ஆகிய எல்லாமே ஒருமுறை நட்டால் சில வருஷங்கள் நிற்பவை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செடி என்று கடை பரப்புவது போல் வைக்காதீர்கள். மூன்று மூன்றாக, ஐந்து ஐந்தாகச் சேர்த்து வையுங்கள். அப்போதுதான் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். கனகாம்பரத்துக்குச் சற்று நிழல் பிடிக்கும். அதை மரத்தடிப் பக்கமாக வைக்கலாம். நித்தியகல்யாணிக்கு நல்ல வெயில் வேண்டும்.

கீழ் அடுக்கு: இதுதான் முக்கியம், நாம் மறந்துவிடுவதும் இதைத்தான். வெறும் மண் தெரிந்தால் வெயில் ஈரத்தை உறிஞ்சும், களையும் வரும். தரையையே செடியால் மூடிவிட வேண்டும். ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் வல்லாரை, பொன்னாங்கண்ணி. வெயில் படும் இடத்தில் பொடுதலை. பாய் விரித்த மாதிரி படர்ந்து, சின்னச் சின்னதாகப் பூக்கும். தேனீ மொய்க்கும். நடுநடுவே மழை லில்லிக் கிழங்குகளை ஊன்றி வைத்தால், நல்ல மழை பெய்த சில நாட்களில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும்.

எந்தப் புல் வைக்கலாம்?

நான் வைத்திருப்பது இரண்டே வகை. வெட்டிவேர், எலுமிச்சைப் புல்.

வெட்டிவேர் குத்தாகவே நிற்கும். அறுகு மாதிரி ஓடிப் பரவாது. நம் தென்னாட்டு வகை விதை விழுந்தும் முளைக்காது. வேர் பக்கவாட்டில் போகாமல் நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் பத்தடி ஆழம் வரைகூடப் போகும் என்பதால் மண்ணையும் பிடித்துக்கொள்ளும், கோடையையும் தாங்கும். கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் காலம் காலமாக இதை வயலின் எல்லை வேலியாக வைத்திருக்கிறார்கள். 1980-களில் உலக வங்கியின் விவசாய அதிகாரிகள் அதைப் பார்த்துத்தான், மண் அரிப்பைத் தடுக்க இந்தப் புல்லை மற்ற நாடுகளுக்கும் சிபாரிசு செய்தார்கள். நாம் பானைத் தண்ணீரில் போட்டுக் குடிக்கும் அதே வெட்டிவேர்தான்!

வேரோடு கூடிய நாற்றை அரை அடிக்கு ஒன்றாகப் பாதையோரம் நட்டேன். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை ஓர் அடி உயரம் விட்டு வெட்டிவிடுகிறேன். வெட்டிய தாளை வெளியே போடாமல் செடிகளின் காலடியிலேயே பரப்புகிறேன்.

எலுமிச்சைப் புல்லை இரண்டடிக்கு ஒன்றாக வைக்கலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குத்தைப் பிரித்து நட வேண்டும். பிரித்ததை அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம்.

காவிரிக் கரையில் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும் நாணலைப் பார்த்து ஆசைப்பட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடாதீர்கள். அது நிலத்தடியில் ஓடி, இடம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். இலையும் கையைக் கிழிக்கும். கோரையும் அப்படித்தான். முசிறிப் பாய்க்கு அழகு. நம் கொல்லைக்கு ஆகாது.

தண்ணீருக்கு என்ன வழி?

அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரே கீழ் அடுக்குக்குப் பாதி போதும். சோப்புத் தண்ணீரை மட்டும் கீரைப் பக்கம் விடாதீர்கள். துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு சின்னக் குழி எடுத்து அதில் கல்வாழை வைத்திருக்கிறேன். அந்தத் தண்ணீரை அது ஆனந்தமாகக் குடித்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கிறது.

முதல் வருஷம் எல்லாவற்றுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினேன். வேர் இறங்கி, தரை மூடிய பிறகு, சித்திரையிலும் வாரத்துக்கு இரண்டு தடவைதான். தொட்டிகளுக்குத் தினம் இரண்டு வேளை வாளி தூக்கிய காலம் போய்விட்டது. என் இடுப்புக்கும் அது நிம்மதி!

பாம்பு வராதா? கொசு வராதா?

என்னைக் கேட்காதவர்களே இல்லை. பயம் நியாயமானது, ஆனால் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாம்பு எலியையும் தவளையையும் தேடித்தான் வருகிறது. ஒளிந்துகொள்ள அதற்குப் பிடித்த இடம் செங்கல் குவியல், விறகுக் கட்டு, தேங்காய் மட்டைக் குவியல், பழைய சாமான் மூட்டை. இவை சிமெண்ட் போட்ட வீட்டிலும் உண்டே! முதல் வேலையாக அவற்றை அப்புறப்படுத்தினேன். வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டடிக்கு எந்தச் செடியும் வைக்கவில்லை. புல் குத்தின் அடியில் காய்ந்த தாள் அடைந்து கிடக்காமல் பார்த்துக்கொள்கிறேன். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் யாரும் கொல்லைக்குப் போவதில்லை. சிறியாநங்கை வைத்தால் பாம்பே வராது என்பார்கள். செடி நல்ல செடிதான். அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது. எங்கேயாவது யாரையாவது பாம்பு கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், பிளேடால் கீறுவதும் வேண்டாம். கடிபட்டவரை அலையவிடாமல் 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

கொசு விஷயத்தில் ஓர் ஆச்சரியம். டெங்குக் கொசு முட்டையிடுவது தேங்கி நிற்கும் சுத்தமான தண்ணீரில். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அப்படியானால் குற்றவாளி யார்? செடியா? இல்லை, தொட்டிக்கு அடியில் வைக்கிறோமே அந்தத் தட்டுதான்! செடியை மண்ணிலேயே வைத்தால் தட்டுக்கே வேலை இல்லை. வாரத்துக்கு ஒருநாள், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை, வாளி, டிரம், பிரிட்ஜின் பின்தட்டு, பறவைக்கு வைத்த கிண்ணம் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துவிடுகிறோம்.

குழந்தை இருக்கும் வீடா?

இளம் தாய்மார்களுக்கு இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். தவழும் பிள்ளை கையில் கிடைத்ததை வாயில்தான் போடும். அரளி, ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு இவை வேண்டவே வேண்டாம். நம் மாநில மலரான செங்காந்தள் பார்க்க அத்தனை அழகு. ஆனால் அதன் கிழங்கும் விதையும் கொடிய விஷம். உண்ணிச் செடியும் வேண்டாம். நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மை. அதனாலேயே அதை வீட்டில் அரைத்துக் குடிக்கக் கூடாது; பச்சையாகத் தின்றால் கெடுதல். எங்கள் வீட்டில் அதைப் பேரனுக்கு எட்டாதபடி மேற்குச் சுவரோரம் மாற்றிவிட்டோம்.

அதேபோல, கர்ப்பிணிகள் எலுமிச்சைப் புல் கஷாயம், ஆடாதொடைக் கஷாயம் என்று தாமாகப் போட்டுக் குடிக்க வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் கூடாது. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால்தான் எல்லாம். சளி பிடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கற்பூரவல்லிச் சாற்றை ஊற்றாதீர்கள்.

புழுவுக்கும் ஒரு பங்கு

இரண்டாம் வருஷம் கறிவேப்பிலையில் பச்சைப் புழுக்கள் வந்தன. மருந்தடிக்கச் சொன்னார்கள். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வருகிற இந்தப் புழு, சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரி தெரியும், பிறகு பச்சையாகும், கடைசியில் அழகான வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். ஸ்ரீரங்கம் மேலூரில் வனத்துறை 25 ஏக்கரில் அமைத்து 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். அங்கே பூச்செடிகளோடு புழு தின்பதற்கென்றே தனியாகச் செடிகள் வளர்ப்பதைக் கவனித்தீர்களா? இரண்டும் இருந்தால்தான் வண்ணத்துப்பூச்சி தங்கும். அதனால் ஒரு கறிவேப்பிலைச் செடி சமையலுக்கு, ஒன்று புழுவுக்கு என்று வைத்துவிட்டேன். மருந்தடிக்காததால் தேன்சிட்டும் தையல்சிட்டும் வந்து, பூச்சிகளைப் பாதிக்கு மேல் அவையே பார்த்துக்கொள்கின்றன.

மாதக் கணக்கு

ஆனியில் மண்ணைக் கொத்தி மக்கிய எரு கலந்து வையுங்கள். ஆடிப் பெருக்கன்று நடவு. அன்று அம்மா மண்டபத்துக்குப் போய்க் காவிரியைக் கும்பிட்டு வந்து நடுவது எங்கள் வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் விட்ட இடங்களை நிரப்புங்கள். தண்ணீர் தேங்கினால் வடித்துவிடுங்கள். மார்கழி, தையில் பூப்பறிப்பது மட்டும்தான் வேலை. மாசிக் கடைசியில் காய்ந்த தண்டுகளையும் புல்லையும் வெட்டி மண்ணின் மேல் மூடாக்காகப் போட்டுவிடுங்கள். அதற்குமுன் வெட்ட வேண்டாம். விதைக்காகக் குருவிகள் வரும். சித்திரை, வைகாசியில் செடிகள் பழுப்பாகத்தான் தெரியும். செத்துவிட்டதென்று பிடுங்காதீர்கள். அது ஓய்வு.

மொத்தச் செலவு எனக்குக் கொத்தனார் சொன்ன தொகையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பாதிச் செடிகள் உறவுக்காரர்கள் வீட்டிலிருந்து கிளையாகவும் கிழங்காகவும் வந்தவை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். சித்திரைப் பகலில் அத்தை அறையில் இன்னமும் மின்விசிறி வேண்டும்தான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஜன்னலைத் திறந்தால் அனல் அடிப்பதில்லை. அவர் அங்கேயேதான் படுக்கிறார். அந்த மூன்றடிப் பாதையில் குழாயைப் பிடித்துக்கொண்டு தினம் காலை பத்து நடை நடக்கிறார். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்கிறாரே டாக்டர்! பிரசவத்துக்கு வந்த மகள் மூன்று மாதம் இருந்து, பேரனோடு சுகமாகப் புகுந்த வீடு போனாள். கொத்தனார் சிட்டையைப் பற்றி என் கணவர் பிறகு வாய் திறக்கவில்லை. மாலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அங்கே உட்காருவதே அவர்தான்.

சகோதரிகளே, நம்முடைய திருச்சி பழைய நந்தவன ஊர். சாரமா முனிவர் உறையூரில் செவ்வந்தித் தோட்டம் போட்டதாகவும், அந்தப் பூவை விரும்பிய மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றே பெயர் வந்ததாகவும் தல புராணம் சொல்கிறது. நம்மிடம் நந்தவனம் இல்லாவிட்டாலும் நாலடி மண்ணாவது இருக்கும். அதை முழுக்க மூடிவிடுவதற்கு முன்னால் ஒரு முருங்கைக் கிளை, மூன்று கனகாம்பரம், ஒரு பிடி வெட்டிவேர், கால் மிதிக்காத இடத்தில் கொஞ்சம் வல்லாரை என்று இந்த ஆடியில் வைத்துப் பாருங்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் வேண்டுமானால் சிமெண்ட் போட்டுக்கொள்ளலாமே!